பாலோவுக்குப் போன கறுப்புக் கோட்டு

கோட்டின் மூன்றாவது பொத்தான் மட்டும் நீலம். மலேசியாவின் உலு திராமில் நான் வேலை செய்யும் போட்டோ கடையில் முதல் நாள் கவனித்தது அதைத்தான். அடையாளப் படத்துக்கு வெள்ளைச் சட்டையில் வருகிறவர்கள் வெள்ளைச் சுவரோடு கலந்துவிடக் கூடாது என்று அந்தக் கறுப்புக் கோட்டை இரவல் கொடுப்போம். எங்கள் ஊரில் பாதிப் பேர் அதை ஐந்து நிமிடமாவது போட்டிருப்பார்கள்.

எனக்குப் பதினேழு வயது. பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு பள்ளியை விட்டுவிட்டேன். இப்போது சனிக்கிழமைகளில் ஜொகூர் பாருவில் போட்டோ வகுப்புக்குப் போகிறேன். வகுப்பு முடியும்போது கண்காட்சி உண்டு. ஆளுக்குப் பத்துப் படம். நம் பாணி என்ன, அது யாரிடமிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பெரிய பெரிய பெயர்களாகச் சொன்னார்கள். நான் ஒன்பது படங்களை மேசையில் பரப்பினேன். ஒன்பதிலும் முதுகுதான். பஸ்ஸுக்கு நிற்கிற முதுகு, மீன் வெட்டுகிற முதுகு, துணி காயப்போடுகிற முதுகு. முன்னால் போய் நின்று "எடுக்கட்டுமா" என்று கேட்க எனக்கு வாய் வராது.

கவிதா மிஸ் நிதானமாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது உன் ஸ்டைலா, இல்ல பயமா? அடுத்த வாரம் முகம் தெரியுற ஒரு படத்தோட வந்து சொல்லு. இல்லன்னா சுவத்துல இடம் கொடுக்க முடியாதும்மா."

அதனால்தான் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பாலோவுக்குக் கிளம்பினேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. தெரியாதவர்களிடம் வெட்கம் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பு.

காலை 7.10க்கு உலு திராமில் பஸ் ஏறி ஜொகூர் பாருவின் லார்க்கின் பஸ் நிலையம். அங்கிருந்து 8.30க்குக் குளுவாங் பஸ், டிக்கெட் 13 வெள்ளி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. குளுவாங்கிலிருந்து பாலோ முப்பது கிலோமீட்டர் இருக்கும். கைப்பேசியில் கார் பிடித்தேன், 38 வெள்ளி.

"பாலோவுல என்ன பார்க்கப் போறீங்க தங்கச்சி?" என்றார் கார் ஓட்டிய அண்ணன்.

"ஆளுங்கள."

"ஆளுங்களுக்கு குளுவாங் பாசாரே போதுமே லா. அதுக்கு முப்பது கிலோமீட்டரா?"

பாலோவில் கடை வரிசை முடிந்ததும் செம்பனைத் தோட்டம் தொடங்கிவிடுகிறது. நாற்பது நிமிடம் நடந்தேன். நான்கு படம் எடுத்தேன். நான்கும் முதுகு. அழுகை வரும்போல இருந்தது, பசியும் இருந்தது. மூலையில் இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் போய் உட்கார்ந்து பையைத் திறந்தேன்.

கேமராவுக்குத் தனிப் பை கிடையாது. முதலாளி அக்காவிடம் கேட்டு வாங்கிய கேமராவை முந்தின நாள் மாலை எங்கள் கடையில் கைக்கு வந்த துணியில் சுற்றி வைத்திருந்தேன். வழியில் பைக்குள்ளிருந்து கேமராவை மட்டும் உருவிப் படம் எடுத்திருந்தேன். அதைத் திரும்பச் சுற்ற மேசையில் துணியை விரித்தபோதுதான் தெரிந்தது, அது கோட்டு.

கடைக்கார ஆன்ட்டி தோசையை வைத்துவிட்டுக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஐசி கார்டு சைசு படம் எடுக்க வந்தியா? நல்லதாப் போச்சு. இந்த மனுசனுக்கு வேலைக்கு எழுதிப் போட படம் வேணும். குளுவாங்குக்குப் போங்கன்னா ஒரு மாசமா நாளைக்கு நாளைக்குங்கறாரு."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சுவரு வெள்ளையா இருக்கணும் ஆன்ட்டி" என்று வந்தது.

ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தது. கல்லாவில் இருந்த ஆன்ட்டியின் கணவர், அந்த அங்கிள், சுவரோரம் வந்து உட்கார்ந்து கோட்டுக்குள் கையை நுழைத்தார். எங்கள் போட்டோ கடையில் தினமும் சொல்வதை வாய் தானாகச் சொன்னது. "நிமிர்ந்து உக்காருங்க. காது தெரியணும். சிரிக்க வேணாம். என்னப் பாருங்க." என்னைப் பாருங்கள் என்று நான் கூச்சமில்லாமல் சொல்கிற இடம் அது ஒன்றுதான்.

எடுத்தேன். "முடிஞ்சிருச்சு அங்கிள்."

"முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றார் ஆன்ட்டி. "அந்தக் கோட்ட இங்கயே விட்டுட்டுப் போறியா?"

அங்கிளின் தோள் இறங்கியது. அடக்கி வைத்த மூச்சோடு சிரிப்பும் வந்தது. இந்த ஒரு நொடியை எங்கள் கடையில் நூறு முறை பார்த்திருக்கிறேன். முடிந்தது என்றதும் எல்லாருக்கும் சொந்த முகம் திரும்பி வரும். ஒருமுறை அதை எடுத்ததற்கு, "இத எவன் வாங்குவான்?" என்று முதலாளி அக்கா அழித்துவிட்டார். பாலோவில் அழிக்க யாரும் இல்லை. அழுத்தினேன்.

அடுத்து ஆன்ட்டி, அப்புறம் தேநீர் குடிக்க வந்த இரண்டு லாரி அண்ணன்கள். "மாப்பிள மாதிரி இருக்கேன்ல?" என்றார் ஒருவர். "மாப்பிளைக்கு ஒரு பொத்தான் மட்டும் நீலமா இருக்கே" என்றார் மற்றவர். ஒவ்வொருவரையும் இரண்டு முறை எடுத்தேன். அடையாளப் படமாக ஒன்று, முடிந்தது என்றதும் ஒன்று. இரண்டாவதை அங்கேயே காட்டி, கண்காட்சியில் வைக்கலாமா என்று கேட்டேன். ஆமாம், நானேதான் கேட்டேன். நால்வரும் சரி என்றார்கள். அங்கிளின் விண்ணப்பப் படத்தை அச்சடித்து அனுப்புவதாகச் சொன்னேன். தோசைக்கு ஆன்ட்டி காசு வாங்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பாலோவில் திரும்பி வரக் கார் கிடைப்பது சிரமம். கொண்டுவந்து விட்டவரிடமே நேரம் சொல்லி வையுங்கள். குளுவாங்கில் மாலை பஸ்ஸுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள். மதிய வெயிலில் முகம் பாதி இருட்டாகிவிடும், கடைக்குள் எடுப்பதே நல்லது. கேமராவோடு போகிறவர்களுக்கு இன்னொன்று: உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையையும் கூட எடுத்துப் போங்கள். பேச அது உதவும்.

சனிக்கிழமை வகுப்பில் நான்கு முகங்களையும் ஆறு முதுகுகளுக்கு நடுவில் வைத்தேன். கவிதா மிஸ் அங்கிளின் சிரிப்பை வெகுநேரம் பார்த்தார். "சரி, இது யாருகிட்டேருந்து வந்த ஸ்டைல்?" என்றார். மொத்த வகுப்பும் என்னைப் பார்த்தது.

நான் பையிலிருந்து கோட்டை எடுத்து உதறினேன். ஒரு நாற்காலியை வெள்ளைச் சுவரோரம் இழுத்துப் போட்டேன்.

"இதுகிட்டேருந்துதான் மிஸ், உக்காருங்க" என்றேன். "காது தெரியணும்."