பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பேத்தி

போன வருடம் ஆடி மாதம், மதுரையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் நடந்தது இது. பரவையிலிருந்து, ஒன்றேகால் வயதுப் பேத்திக்குத் தடுப்பூசி போட நான், மனைவி, மகன், மருமகள் என நான்கு பேர் கிளம்பினோம். துணைக்கு ஒருவர் போதும். ஆனால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது.

பேத்தி பிறந்ததிலிருந்தே நான் அப்படித்தான். சின்ன வயதில்தான் மூளை வேகமாக வளரும் என்று எங்கோ படித்துவிட்டு, வாரம் தவறாமல் அவள் தலையை நாடா வைத்து அளப்பேன். பல்லை எண்ணுவேன். வாயில் வரும் சொற்களை எண்ணுவேன். "சட்டை தைக்கவா அளக்குறீக? புள்ளைய விடுங்க" என்பாள் மனைவி.

அன்று மகன் காரை நிறுத்தப் போயிருந்தான். டாக்டரம்மா, மருமகள் மடியில் இருந்த குழந்தைக்குப் பின்னால் போய் நின்று, பதிவுச் சீட்டில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பேத்தி திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டார். அவள் தன் கொலுசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுலயும் பேர் சொன்னா திரும்ப மாட்டாளா?" என்று கேட்டார். மருமகள் குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

இந்த வயதில் திரும்ப வேண்டும், எதற்கும் காதைப் பரிசோதித்துவிடலாம் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். காது கேட்காவிட்டால் பேச்சு எப்படி வரும், பள்ளிக்கூடம் எப்படி என்று என் மனம் எங்கெங்கோ ஓடியது. மருமகள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது கதவைத் திறந்து மகன் எட்டிப் பார்த்தான். தன் மனைவி அழுவதை அவன் கவனிக்கவில்லை. "என்ன மாப்ள, ஊசி போட்டாச்சா?" என்று மகளைக் கேட்டான். பேத்தி சட்டென்று திரும்பி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

டாக்டரம்மா எங்களைப் பார்த்தார். "இவள யாரு எப்படிக் கூப்பிடுவீங்க?"

மகனுக்கு அவள் மாப்ள. மருமகளுக்குப் பாப்பா. மனைவிக்குச் சின்னக்குட்டி. எனக்குத் தாயி. சீட்டில் இருந்ததோ என் அம்மாவின் பெயர். மாமியார் பெயரை என் மனைவி வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். பெற்றவள் பெயரைச் சொல்லி "வாடி" என்று அதட்ட எனக்கும் வராது. நாங்களே சொல்லாததால் மகனும் மருமகளும் சொல்வதில்லை. பெயர் வைத்த அன்று குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னதோடு சரி.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்ப இம்புட்டு நேரமா நான் உங்க அம்மாவக் கூப்பிட்டிருக்கேன். அவங்க எப்படித் திரும்புவாங்க?"

பிறகு கிலுகிலுப்பையை ஒவ்வொரு காதுப் பக்கமும் மெல்ல ஆட்டினார். இரண்டு பக்கமும் திரும்பினாள். எனக்கு மூச்சு வந்தது. மனைவி அந்த நேரம் பார்த்து நாடா விஷயத்தைப் போட்டுக்கொடுத்தாள்.

"மூளை வளர நாடா வேணாம் ஐயா, பேச்சு வேணும். அவ 'ங்கா'ன்னாலும் பதிலுக்கு நீங்க ஏதாச்சும் சொல்லணும். எல்லாரும் பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்குங்க" என்றார்.

திரும்பி வரும்போது காரில் மனைவி குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். பிறகு, "எங்க அத்தை கோவிச்சுக்க மாட்டாக" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மடியில் இருந்தவளின் காதருகே குனிந்து அந்தப் பெயரைச் சொன்னாள். கல்யாணமான இத்தனை வருடங்களில் அன்றுதான் அவள் வாயிலிருந்து அதைக் கேட்டேன்.

இப்போது தெருமுனையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பேத்தி ஓடி வருகிறாள். அவள் திரும்பும் வரையான அந்த ஒரு நொடி மட்டும் இன்றும் எனக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கிறது.