கீழ்க்கட்டளையில் நின்ற கார்

மாமா வாங்கிய வெளிநாட்டுக் காரில் க்ளட்ச் கிடையாது என்று கேள்விப்பட்டபோது, அதை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய தெருவில் அவருக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் கார்களைப் பார்ப்பதில் அவருக்குப் பேர் உண்டு. பள்ளி விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். கேள்வி கேட்டுத் துளைப்பேன்.

மாமா, அம்மாவின் தம்பி. பெருங்களத்தூரில் அவருடைய நிலம் அடுக்குமாடிக் குடியிருப்பு ஆனதும், அவர் ஆசைப்பட்டு வாங்கியது அந்தப் பழைய கறுப்புக் கார். வயதில் அது எனக்கு மூத்தது. உள்ளே தோல் சீட்டு, மரம் பதித்த டேஷ்போர்டு. கதவைச் சாத்தினால் வெளியுலகமே அணைந்துவிட்டதுபோல இருக்கும். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவிட்டார். கார் வீட்டுக்கு வந்த கையோடு அத்தை கீழ்க்கட்டளையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசமாட்டார்கள். அத்தையைப் பற்றி அடுப்பங்கரையிலும் காரைப் பற்றி வாசலிலும் பேசுவார்கள்.

அந்தக் காருக்கு ஒரு வினோதமான நோய். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று கியர் ஏறாது. எஞ்சின் மட்டும் ஊரைக் கூட்டும், கார் மாட்டு வண்டிபோல ஊரும். நிறுத்தி, சாவியைத் திருப்பி மறுபடி கிளப்பினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். மாமா வெளியே எங்கெங்கோ காட்டிவிட்டார். அவர்கள் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் அது ஒழுங்காக ஓடியது.

"பேஜாரா கீது மாமா. கியர்பாக்ஸையே மாத்தணும்னு சொல்றாங்க," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா காரை அப்பாவிடம் கொண்டுவந்து நிறுத்தினார். அக்கா புருஷன் என்பதால் அப்பாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார். தாடி வளர்ந்திருந்தது. சட்டையில் பொத்தான் இல்லை.

அப்பா காரைத் தொடவே இல்லை. முதலில் மாமாவைத்தான் சோதித்தார். வண்டி சூடானப்புறம் வருதா, எடுத்ததும் வருதா? ஏசி போட்டா வருதா? மேட்டுல ஏறும்போதா, சிக்னல்ல நின்னு கிளம்பும்போதா? அப்புறம், "ராத்திரி இன்னா சாப்ட்ட?" என்று கேட்டார். அதுவும் கியர் சம்பந்தப்பட்ட கேள்விதான் போலிருக்கிறது என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"பிஸ்கட்டு," என்றார் மாமா.

மாமா டீ வாங்கிவரப் போனபோது, அப்பா முன்பக்கம் இடது சீட்டுக்குக் கீழே இருந்த மிதியடியைத் தூக்கினார். அடியில் ஒரு தட்டு. அதைத் திறந்தால் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் கற்றையாக வயர்கள்.

"இதுதான் அதோட மூளை. எப்ப எந்த கியர் போடணும்னு இதுதான் சொல்லும். கொயம்பிப்போச்சுன்னா ஒரே கியரைப் புட்சிகினு உக்காந்துடும். அடம் இல்ல, பயம். எப்படியாவது வூடு போய்ச் சேரணும்னு."

செருகியிருந்த வயரைப் பிடுங்கி, அந்த இடத்தில் விரலை விட்டார். விரல் நுனியில் சிவப்பாக எண்ணெய். முகர்ந்து பார்த்தார். எனக்கும் காட்டினார். கீழே கியர்பாக்ஸில் இருக்கவேண்டிய எண்ணெய், ஒரு ரப்பர் வளையம் நைந்ததால், வயருக்குள்ளேயே திரிபோல ஏறி மூளைக்கு வந்துவிட்டதாம். எண்ணெய் மேல்நோக்கி ஏறும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அந்த ஆச்சரியத்திலேயே வாய் திறந்து நின்றேன். அப்பா துணியால் துடைத்துச் செருகி, தட்டை மூடி, மிதியடியைப் போட்டார்.

மாமா டீயோடு வந்தார். "ஏதாவது தெரியுதா மாமா?"

"ஒண்ணும் தெரியல மச்சான். ஓட்டிப் பாத்தாதான் சொல்ல முடியும்," என்றார் அப்பா.

நான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

அப்பா ஓட்ட, மாமா பக்கத்தில் உட்கார, நான் பின்சீட்டிலிருந்து இருவருக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டேன். மேடவாக்கம் தாண்டும்வரை கார் வெண்ணெய்போலப் போயிற்று. கீழ்க்கட்டளைக்குள் நுழைந்ததும் மாமா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் பார்த்தேன். அப்பாவின் இடதுகை கியர் கம்பை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தது. எஞ்சின் கத்த ஆரம்பித்தது. கார் ஊர்ந்தது.

"வந்துச்சு பாத்தியா!" என்றார் அப்பா. கார் சரியாக அத்தை வீட்டு வாசலில் நின்றது.

"இங்கியா மாமா நிக்கணும்?" என்றார் மாமா.

"அதுக்கு இன்னா தெரியும்? சூடு ஆறணும். போய் ஒரு சொம்பு தண்ணி வாங்கிகினு வா."

"தண்ணி எதுக்குப்பா? ரேடியேட்டர்ல நிறைய கீதே," என்றேன்.

"நீ சும்மா இரு."

மாமா கதவைத் திறக்கவே வெகுநேரம் ஆயிற்று. கேட்டருகே போய் நின்றவர் மணியடிக்கவில்லை. கதவு தானாகத் திறந்தது. அத்தை நின்றாள்.

"இன்னாவாம் வண்டிக்கு?"

"கியர் ஏறமாட்டேங்குது."

"மொதல்ல சட்டைக்குப் பொத்தான் வைங்க," என்றாள் அத்தை. உள்ளே போய் தண்ணீர்ச் சொம்போடு வந்து நீட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தத் தண்ணீரை அப்பா குடித்தார்.

அடுத்த ஞாயிறும் ஓட்டிப் பார்த்தோம். அதே தெரு, அதே வாசல். அன்று மாமா முகம் மழித்து வந்திருந்தார். தண்ணீருக்குப் போனவர் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் அத்தையின் குரல் மட்டும் உரக்கக் கேட்டது. அப்புறம் மாமாவின் குரல் தணிவாக. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கிளம்பும்போது அத்தை கார் ஜன்னல்வரை வந்தாள்.

"அண்ணா, அடுத்த ஞாயித்துக்கெழமையும் இங்கதான் நிக்குமா?"

"நிக்குற மாதிரிதான் தெரியுதும்மா," என்றார் அப்பா, டாக்டர்போல முகத்தை வைத்துக்கொண்டு.

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். ஒரு பழுது எந்தக் கிழமை, எந்த வாசலில் வரும் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

அடுத்த ஞாயிறு அத்தை பையோடு வாசலிலேயே நின்றிருந்தாள். எஞ்சினை அணைக்கவே தேவைப்படவில்லை. பின்சீட்டில் ஏறி, தோலைத் தடவிப் பார்த்து, "சீட்டு மட்டும் பரவாயில்ல," என்றாள். மாமா திரும்பிப் பார்க்காமலே சிரித்தார் என்பது அவருடைய காதுகள் அசைந்ததில் தெரிந்தது. திரும்பும் வழியெல்லாம் அப்பாவின் கை கியர் கம்புப் பக்கமே போகவில்லை. கார் சத்தமில்லாமல் கியர் மாற்றிக்கொண்டு பெருங்களத்தூர்வரை ஓடியது.

மறுநாள் அப்பா காருக்கு அடியில் படுத்து அந்த ரப்பர் வளையத்தை மாற்றினார். வயரை, பெட்டியை எல்லாம் சுத்தம் செய்து புது எண்ணெய் ஊற்றினார். அதன்பிறகு அது எங்கும் நிற்கவில்லை. வாரக்கணக்கில் ஓட்டிப் பார்த்துத்தான் அப்பா பழுதைக் கண்டுபிடித்தார் என்று மாமா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருமுறை எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் அவர் அதைச் சொன்னபோது, நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு அப்போது எல்லாம் புரிந்துவிட்டது. பாவம், வாழ்நாள் முழுக்க அடுத்தவர் காரையே பார்த்த மனுஷன். அந்தத் தோல் சீட்டில் இன்னும் கொஞ்ச நாள் உட்கார்ந்து ஓட்ட அவருக்கு ஆசை. வெளியே சொல்ல வெட்கம். அதனால்தான் எண்ணெயை மறைத்திருக்கிறார். அப்பாவின் மானம் என் கையில் இருப்பதாக நினைத்து, அந்தச் சிவப்பு எண்ணெயைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாமல், ரொம்ப வருஷம் காப்பாற்றி வந்தேன்.