பூட்டிய கதவுகளில் ஒட்டிய சுவரொட்டி

தோட்டத்தில் பகல் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற நேரத்தில்தான் செய்தி வந்தது. பாக்கியலெட்சுமி அப்போது கோதுமை மாப் பசையைக் காய்ச்சி எடுத்துவந்து, புதுக் கக்கூசு வரிசையின் மூன்றாவது கதவில் தோட்டத்து ஆபீசில் கொடுத்த சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தாள். பதுளைக்குப் போய்த் திரும்பிய தோட்டத்து லொறியை ஓரமாக நிறுத்திவிட்டு டிரைவர் அஸீஸ் இறங்கி வந்தார்.

"பாக்கியம், அக்கா போயிட்டாங்கம்மா" என்றார்.

அவள் உள்ளங்கைக்குக் கீழே தாள் இன்னும் ஈரமாக இருந்தது. "நாளும் நிறைய நீர் பருகுங்கள், நோயின்றி வாழுங்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டு, அதன் கீழே ஒரு பெண் தண்ணீர்க் கிளாசைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா என்றால் பெரியாயி. தெமோதரைக்குப் போகிற பாதையோரத்து இந்தத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் கொழுந்தெடுத்தவள். தாய் போன பிறகு தங்கையைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பாக்கியத்தை எட்டாம் வகுப்புவரை படிக்கவைத்து, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலையும் வாங்கிக்கொடுத்த பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றி யோசித்தாள். அதற்குள் கல்யாண வயது கடந்துவிட்டது.

சுத்தத்தில் அவளுக்கு ஒரு வெறி உண்டு. குடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் முகம் பார்க்கலாம். தண்ணீர் கொட்டும் பீலியடியில் கால் கழுவாமல் யாரும் அவள் வாசற்படியை மிதிக்க முடியாது. "பெரியாயி வீட்டுல சாம்பலக் கூடக் கழுவித்தான் அள்ளுவா" என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த பெண்கள் கேலி பண்ணுவார்கள். "ஒங்க வீட்டுல சோத்தையாவது கழுவுறீங்களாடி" என்று அவளும் விடமாட்டாள்.

அப்படிப்பட்டவள்தான் இருட்டுக்காகக் காத்திருந்தாள். லயத்துக்கு இருந்த ஒரே பழைய கக்கூசை மண்சரிவு கொண்டுபோய் வருஷக்கணக்காகிவிட்டது. ஆண்கள் எங்கேயோ ஒதுங்கினார்கள். பெண்களுக்கு விடியுமுன் ஒரு தரம், பொழுது சாய்ந்தபின் ஒரு தரம், தேயிலைச் செடி மறைவு. இடையில் மலையில் நிற்கும்போது முன்னுக்கும் பின்னுக்கும் ஆள், மேட்டில் கங்காணி. பெரியாயி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு வாய், பால் இல்லாத சாயத்தண்ணி. அதற்குப் பிறகு மாலைவரை நாக்கை நனைப்பதோடு சரி. அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் அப்படியே பழகிக்கொண்டார்கள். கட்டுப்பாடான பெண் என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று பிறகு அதற்கு ஒரு மதிப்பே வந்துவிட்டது.

மாதம் ஒரு தடவை பதுளையிலிருந்து சுகாதாரப் பகுதி மிஸ் விசாலாட்சி வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளைக் காம்பராச் சுவரில் படத்தை மாட்டி, நல்ல தமிழில், பொறுமையாகச் சொல்லுவார். ஒரு முறை சிறுநீரகத்தைப் பற்றிப் பேசினார்.

"வேலை செய்யேக்கையும் தண்ணி குடிக்கவேணும். அடக்கி வைக்கக்கூடாது, விளங்குதே?"

"நல்லா வெளங்குது மிஸ்" என்றாள் பெரியாயி. "குடிச்சிட்டு எங்க போறதுன்னு அந்தப் படத்துல போட்டிருக்கா?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. நேரே தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கேட்டார். வெளியார் உதவியில் புதுக் கக்கூசுகள் கட்டி முடிந்தாயிற்று, திறப்புவிழா வைக்க வேண்டியதுதான் பாக்கி என்று அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள்.

கட்டித்தான் இருந்தது. ரோட்டைப் பார்த்தபடி ஒரு வரிசை, பச்சைக் கதவுகள், ஒவ்வொன்றிலும் பூட்டு. திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதருக்கு நாள் வாய்க்கவில்லை. முதலில் பொங்கலுக்கு என்றார்கள். பிறகு சித்திரை என்றார்கள். சாவிக்கொத்து கணக்கப்பிள்ளை தங்கையாவின் இடுப்பில் தொங்கியது. அவர் குவார்ட்டர்ஸில் கக்கூசு உள்ளேயே இருக்கிறது.

அக்காவுக்குக் குளிர் காய்ச்சல் வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கமுடியாமல் கிடந்தபோது பாக்கியம் தங்கையாவிடம் போனாள். ஒரே ஒரு சாவி கேட்டாள். அக்கா நல்லாகும்வரை, ஒரே ஒரு கதவு.

"இன்னைக்கு ஒனக்குத் தொறந்தா நாளைக்கு லயமே வந்து நிக்கும்" என்றார் அவர். "அசிங்கம் பண்ணி வச்சிருவீங்க. வர்றவங்க மூக்கப் பொத்திக்கிட்டு ரிப்பன் வெட்டுறதா?"

அந்தச் சொல்லை அவள் அக்காவிடம் சொல்லவில்லை. காய்ச்சலோடு அக்காவை இரண்டு பேர் தாங்கி இருட்டில் செடிக்குள் கூட்டிப்போனார்கள். சாமத்தில் அவள் பிதற்றத் தொடங்கவும் அஸீஸ் லொறியை எடுத்தார். பதுளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கிருமி சிறுநீரகத்திலிருந்து இரத்தத்தில் ஏறிவிட்டது, பிந்தி வந்திருக்கிறீர்கள் என்றார்கள்.

செய்தி வந்த அன்று மாலை, பிரேதம் லயத்துக்கு வந்ததுமே தங்கையாவும் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று வருத்தம் தெரிவித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். நாளைக் காலையில்தான் திறப்புவிழா, ஒருவழியாக நாள் வாய்த்திருக்கிறது. அதனால் பாடையை ரோட்டு வழியாகக் கொண்டுபோகாமல் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையால் இறக்கிவிடுங்கள், தப்பும் அடிக்கவேண்டாம் என்றார். மிச்சச் சுவரொட்டிகளையும் பாக்கியம் விடியக்காலையிலேயே ஒட்டிவிட்டால் நல்லது என்றும் சொன்னார்.

பாக்கியத்துக்கு அழுகை வரவில்லை. அவர் வாயிலிருந்து வெற்றிலை வாசம் வந்துகொண்டிருந்தது. தெமோதரையிலிருந்தும் ஸ்பிரிங்வெளியிலிருந்தும் சாவுக்கு வந்த பெண்கள் கைக்குழந்தைகளோடு உள்ளே நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் இருட்டட்டும் என்றுதான் காத்திருந்தார்கள்.

"எங்கக்கா முன் ரோட்டாலதான் போவா" என்றாள் பாக்கியம். "நடுவுல ஒரு எடத்துல எறக்கி வச்சித் திருப்பணும்ல, அத அந்தக் கக்கூசு வாசல்லதான் செய்வோம். உள்ளுக்குத்தான் விடல. வாசலையாவது பாத்துட்டுப் போகட்டும்."

வெறும் கோபத்தில் சொன்னது என்று தங்கையா நினைத்தார். மறுநாள் காலை தப்புச் சத்தம் முன் ரோட்டில் ஏறியது. தோரணம் கட்டியிருந்த பச்சைக் கதவுகளுக்கு முன்னால் பாடையை இறக்கி வைத்தார்கள். தூக்கி வந்தவர்கள் ஒதுங்கி நின்று பீடி பற்றவைத்தார்கள். திருப்பித் தூக்க யாரும் வரவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம், விழாவுக்கு வந்த வாகனங்களின் ஹோர்ன் கேட்டது. தங்கையா வியர்த்துப்போய் ஓடிவந்தார். தூக்குங்கள் என்று கெஞ்சினார். பாக்கியம் கையை நீட்டினாள். அவர் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

முதல் கதவைத் திறந்தாள். வெள்ளைக் கக்கூசுக் கோப்பை பதித்து, தரையில் டெட்டோல் தெளித்திருந்தது. இரண்டாவதைத் திறந்தாள். மூன்றாவதை, நான்காவதை, கடைசிவரைக்கும் திறந்தாள். ஒன்றிலும் கோப்பை இல்லை. குழாய் இல்லை, குழியும் இல்லை. வெறும் சீமெந்துத் தரை. பெரிய மனிதர்கள் வரும்போதெல்லாம் லயத்தில் ரோட்டைப் பார்க்கிற சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பார்கள். அதையே இங்கேயும் செய்திருந்தார்கள்.

சாவுக்கு வந்த பெண்கள் ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவி மட்டும் முதல் கதவுக்குள் காறித் துப்பிவிட்டு வந்தாள். பிறகு பாடையைத் திருப்பித் தூக்கினார்கள்.

அன்று வளைவிலேயே திரும்பிப்போன வாகனங்கள் பிறகு வரவில்லை. விசாலாட்சி மிஸ் எழுதிக்கொடுத்த முறைப்பாட்டுக்குப் பதில் வந்ததாகவும் தெரியவில்லை. சில மாதத்தில் அவரையும் மொனராகலைக்கு மாற்றிவிட்டார்கள். லயத்துப் பெண்கள் இன்னும் இருட்டுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

பாக்கியலெட்சுமி பசைச் சட்டியைத் திரும்ப எடுக்கவில்லை. மூன்றாவது கதவில் சிரிக்கிற பெண்ணின் கீழ்ப்பக்க மூலை ஒன்று ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது.