வலப்பக்கத்துப் பெட்டி

அடுப்பில் தண்ணீர் தெளித்ததுபோல ஒரு சீறல். முதலில் இடப்பக்கத்து ஒலிபெருக்கிப் பெட்டியில் எழும், பிறகு நடுவில், பிறகு வலப்பக்கம், கடைசியாக முதுகுக்குப் பின்னால் இருக்கும் இரண்டிலும். ஒவ்வொன்றிலும் பத்து வினாடி. ராயபுரத்தில் அக்கா குடும்பம் குடியிருந்த பழைய வீட்டின் கீழ் குடோனில், ஏறத்தாழ ஓராண்டு ஞாயிற்றுக்கிழமை முற்பகல்கள் எனக்கு அந்தச் சீறலோடுதான் கழிந்தன. பாட்டு கிடையாது, படம் கிடையாது. ஹோம் தியேட்டரைச் சரிபார்க்க விற்ற சோதனை டிஸ்க் அது. பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார் மாமா, அக்காவின் கணவர். ஆம்ப்ளிஃபயர் அருகே நோட்டுப் புத்தகத்தோடு நான். சீறல் வலப்பக்கம் வந்ததும் அவர் புருவம் சுருங்கும். "ரைட்டு சோனியா கீதுடா மச்சான். இன்னொரு புள்ளி ஏத்து" என்பார். சோனி என்றால் நோஞ்சான், சத்தம் போதவில்லை என்று அர்த்தம். அந்தப் பெட்டியின் சத்தத்தை ஏற்றுவேன், தேதியும் எண்ணும் குறித்துக்கொள்வேன்.

துறைமுகத்துச் சரக்கை வைக்க யாரோ ஒரு வியாபாரி அந்தக் காலத்தில் கட்டிய குடோன் அது. தெருவிலிருந்து ஏழு படி இறங்க வேண்டும். மழைக்காலத்தில் தரை வியர்க்கும். அக்கா அங்கே உடைந்த கட்டிலும் காலி டப்பாக்களும் போட்டு வைத்திருந்தாள். டிவிடி என்ற சொல் எங்கள் பக்கத்துக் கடைகளில் புழங்கத் தொடங்கிய ஆண்டுகள் அவை. காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின்களைப் பழுது பார்த்துவந்த மாமா, ஒலிச் சாதனங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் ஒருநாள் முழுக்க ஒரு கடையில் நின்று சத்தம் கேட்டுவிட்டு வந்து, கட்டிலைத் தெருவுக்குத் தூக்கினார். புரொஜெக்டர், ஆம்ப்ளிஃபயர், ஐந்து பெட்டிகள் எனப் பழையதாகவும் புதியதாகவும் அலைந்து சேர்த்தார். முன்சுவருக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்துத் திரையாக்கினார். கருங்கல் சுவரில் பட்டு ஒலி எதிரொலித்தது. அதை அடக்க மற்றவர்கள் பஞ்சு மெத்தையும் முட்டை அட்டையும் வைப்பார்களாம். இவர் துறைமுகத்தில் கழித்துப்போட்ட வலைகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து சுவரெங்கும் தொங்கவிட்டார். மூலைகளில் வடக்கயிற்றை ஆளுயரத்துக்குச் சுருட்டி வைத்தார். எதிரொலி உண்மையாகவே அடங்கியது. மூன்று முறை சோப்புத் தண்ணீரில் அலசியும் வாடை மட்டும் போகவில்லை. "சினிமா பாக்கவா கூப்ட்டே, கருவாடு காயவெக்கவா?" என்று படியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள் அக்கா. "மேல குந்த ஒரு நல்ல சேர் இல்ல. பாதாளத்துல அஞ்சு பொட்டி பாடுது."

அவருடைய தொழிலைச் சொன்னால்தான் இந்தப் பைத்தியம் புரியும். மீன்பிடித் தடைக்காலமான சித்திரை, வைகாசியில் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். இன்ஜின்களைப் பிரித்து மாட்டுவார்கள். தடையின் கடைசி வாரங்களில் மாட்டி முடித்ததும் மாமா இறங்குவார். ஒன்றரை அடி நீள ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடும் இன்ஜின்மேல் அங்கங்கே ஊன்றி, மரப்பிடியில் வலது காதை ஒட்டி, தலையைச் சாய்த்து நிற்பார். உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த வால்வு தட்டுகிறது என்பதைக் கழற்றாமலேயே சொல்லிவிடுவார். சரியாக இருந்தால் ஒரே ஒரு வார்த்தை: "போலாம்." அந்த வார்த்தைக்குப் பிறகுதான் டீசல் நிரப்புவார்கள், ஐஸ் ஏற்றுவார்கள். கரையை விட்டுப் பத்து நாள் கடலில் நிற்கும் எட்டுப் பேருக்கு அந்த வார்த்தைதான் துணை. அப்படிக் கேட்டுப் பழகிய மனிதருக்கு, வீட்டில் ஒரு பெட்டி மட்டும் சோனியாகக் கேட்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வலப்பக்கத்துப் பெட்டியை மூன்று முறை மாற்றினார். உப்புக்காற்று காகிதக் கூம்பை அரிக்கிறது என்று முதலில் சொன்னார். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்களுக்கு அது இயல்பான விளக்கம். ஜன்னல் கம்பியிலிருந்து சைக்கிள் செயின்வரை எல்லாவற்றையும் தின்னும் காற்றுக்கு ஒலிபெருக்கி எம்மாத்திரம்? அடுத்து ஒயரை மாற்றினார். அடுத்து வலப்பக்கச் சுவரின் வலைகளைக் குறைத்தார், கூட்டினார், நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினார். படம் பார்க்க வந்த உறவினர்களை நடுவில் நிறுத்திவிட்டுப் படியேறிப் போய் ஸ்பேனரோடு திரும்புவார். ஒரு படத்தைக்கூட நாங்கள் முடிவுவரை பார்த்ததில்லை. அவருடைய இரண்டு பெண்களும், "நைனா, நீ படம் போடு, இல்லாட்டி பொட்டிய ரிப்பேர் பண்ணு. ரெண்டையும் ஒண்ணா பண்ணாதே" என்று சலித்துக்கொண்டு மேலே போய்விடுவார்கள். எனக்கோ வலப்பக்கம் சத்தம் கூடுதலாக ஒலிப்பதாகத்தான் பட்டது. அவர் காதுக்கு முன்னால் என் காது எம்மாத்திரம் என்று விட்டுவிட்டேன்.

தடைக்காலம் பாதிக்குமேல் ஓடிவிட்ட ஒரு ஞாயிறு. பின்சுவரில் அறுந்து தொங்கிய வலை மூட்டையை மாமா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து முடிந்துகொண்டிருந்தார். நான் டிஸ்க்கை ஓடவிட்டேன். முதல் சீறல் எழுந்ததுமே, கை முடிச்சில் இருக்க, "பாத்தியா, பாத்தியா, ரைட்டு. இன்னும் சோனிதான்" என்றார். நான் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். அப்போது ஒலித்துக்கொண்டிருந்தது இடப்பக்கத்துப் பெட்டி. அவர் திரும்பி உட்கார்ந்திருந்ததால் அது அவருடைய வலது காதுப்பக்கம் இருந்தது.

கோளாறு பெட்டியில் இல்லை.

வீட்டுக்குப் போய் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஐப்பசியில் வலப்பக்கம் ஒரு புள்ளி அதிகம். மார்கழியில் இரண்டு. மாசியில் மூன்றரை. சித்திரையில் ஐந்து. பெட்டிகள் மாறியிருந்தன, ஒயர்கள் மாறியிருந்தன, எண் மட்டும் ஒரே திசையில் ஏறியிருந்தது. மூடிய இன்ஜின் அறையில் இருபது ஆண்டுகளாக வேலை செய்த காது, பக்கம் பக்கமாக என் கையெழுத்தில் அடங்கிக்கொண்டு வந்திருக்கிறது. மழை, வெயில், படித்த புத்தகம் என்று எதையும் விடாமல் குறித்துவைப்பதில் எனக்கொரு பெருமை உண்டு. எழுதியதைப் படித்துப் பார்த்ததில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

இரண்டு வாரம் சொல்லவில்லை. திருவொற்றியூரில் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் காசிமேட்டில் பேருந்தை விட்டிறங்குவேன். படகு மேடையில் அவர் ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்து நிற்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பேன். அந்தக் காதுதான் அந்த வீட்டின் சோறு, அவருடைய பெயர். போய்ச் சொல்லிவிடலாம் என்று நாலடி வைப்பேன். "மேஸ்திரி சொல்ட்டாருபா, போலாம்!" என்று மாமாவைக் காட்டிப் படகிலிருந்து யாராவது கத்துவார்கள். நான் திரும்பிவிடுவேன். அக்காவிடம் சொல்லலாமா என்று யோசித்து, அவள் வீட்டு வாசல்வரை போய், மாவு வாங்க வந்ததாகப் பொய் சொன்னேன்.

தடை முடிய மூன்று நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை, டிஸ்க்கைப் போடுவதற்கு முன், "மாமா, சேரைத் திருப்பிப் போட்டுக் கேளு" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"சும்மா குந்தேன்."

உட்கார்ந்தார். சீறல் சுற்றி முடிந்தது. எழுந்து நாற்காலியை முன்பக்கம் திருப்பினார். "போடு" என்றார். மறுபடி பின்பக்கம். "போடு." மூன்றாவது முறை இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கேட்டார். பொத்திய கையை எடுக்க நெடுநேரம் ஆயிற்று.

"நோட்டுல எப்போலேர்ந்து கீது?"

"ஐப்பசி."

"உனக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டு வாரம்."

என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "ரெண்டு வாரத்துல நாலு போட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டன்டா" என்று சட்டையை மாட்டிக்கொண்டே ஏழு படியையும் மூன்றாகத் தாவி ஏறினார்.

நடுப்பகல் வெயிலில் நான்கு படகுக்கும் போனோம். ஒவ்வொன்றிலும் இன்ஜினை ஓட்டச் சொல்லி, ஸ்குரூ டிரைவரை இடது காதில் வைத்தார். பழக்கமில்லாத பக்கம், தலை சாய்க்கத் தெரியாமல், கை எட்டாமல், புதிதாக வேலைக்கு வந்தவர்போல் தடுமாறினார். "இன்னா மேஸ்திரி, காதை மாத்திக்கினே?" என்று சிரித்தான் ஒருவன். "அந்தக் காது லீவு கேட்டுச்சு" என்றார். முதல் இரண்டும் சரி. மூன்றாவது படகில் அவர் கண்ணை மூடினார். முனையை எடுத்தார், அதே இடத்தில் மறுபடி ஊன்றினார். "நிறுத்து. கழட்டணும்."

படகுக்காரர் குதித்தார். "போன வாரம் நீதானய்யா போலாம்னே! ஐஸுக்குச் சொல்லிட்டேன், ஆளுங்க வந்துக்கினு கீறாங்க. இன்னா பேஜாரு இது?"

படகைச் சுற்றி ஒரு பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஏதாவது சமாளித்திருக்கலாம், கலப்பட டீசல், மட்டமான ஆயில் என்று. மாமா ஸ்குரூ டிரைவரை லுங்கியில் துடைத்தார். "என் ரைட்டு காது அவுட்டு. போன வாரம் சொன்னது அந்தக் காது. இது நல்ல காது. இது கழட்டுன்னுது."

யாரும் சிரிக்கவில்லை. கழற்றியபோது ஒரு பேரிங் வரிவரியாகக் கீறியிருந்தது. நடுக்கடலில் போய் இன்ஜின் இறுகி நின்றிருக்கும். நான்காவது படகு சரியாக இருந்தது. மூன்றாவது படகு மட்டும் முதல் நாள் கடலுக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு தடைக்காலத்தில் பாதிப் படகுகள் வேறு மேஸ்திரியைக் கூப்பிட்டன. மீதிப் பேர் இவரிடமே வந்தார்கள். இடது காதுக்கு வாகாக நின்று, கேட்காமலே விளக்குப் பிடித்தார்கள். போன காது திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

எனக்குத்தான் அமைதி இல்லை. ஐப்பசிக்கும் சித்திரைக்கும் நடுவே அவர் அனுப்பிய படகுகளை நினைத்து, எல்லாம் திரும்பி வந்துவிட்டன என்று தெரிந்த பிறகும், மீன் ஏலக்கூடத்துப் பக்கம் போய்ப் படகின் எண்களைப் படித்துக்கொண்டு நிற்பேன்.

கீழ் குடோனில் அதன்பின் அவர் எதையும் மாற்றவில்லை. வலப்பக்கத்தை ஐந்து புள்ளியிலேயே விட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்து முதன்முறையாக ஒரு படத்தை முழுக்கப் பார்த்தார். அவருக்கு அது சரியாக இருந்தது. எங்களுக்கு எல்லாக் குரலும் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. பாதிப் படத்தில் அக்கா எழுந்தாள். மேலே போகிறாள் என்று நினைத்தேன். நாற்காலியைத் தூக்கி இடப்பக்கச் சுவரோரம், வலையை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். அங்கே இடப்பக்கத்துப் பெட்டி அருகில் வந்துவிடுவதால் இரண்டும் சமமாகக் கேட்டன. பெண்கள் இருவரும் நகர்ந்தார்கள், நானும் நகர்ந்தேன். "இன்னாடி எல்லாரும் அங்க குந்திக்கினீங்க?" என்றார் மாமா. "இங்கதான் காத்து வருது" என்றாள் அக்கா, ஜன்னலே இல்லாத குடோனில்.

இப்போதெல்லாம் சினிமாவுக்கு இருக்கையைக் கைபேசியில் தொட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். நடுவரிசை காலியாக இருந்தாலும் என் விரல் இடப்பக்க ஓரத்துக்கே போகிறது, மனைவி திட்டுகிறாள். சில நேரம் அவளுக்காக நடுவில் உட்காருகிறேன். எல்லாச் சத்தமும் அதனதன் இடத்திலிருந்து துல்லியமாக வருகிறது. ஐந்து நிமிடம்கூட நிலைகொள்வதில்லை. வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவரைத் திரும்பிப் பார்க்கிறேன், அவருக்குக் கேட்கிறதா என்று.