அக்கா தண்ணீர் குடிக்காத சாலை

அத்தான் செல்போனை எடுத்து அந்த அஸ்தமனப் படத்தைக் காட்ட ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாங்கூனில், தின்கன்ஜூன் பகுதியில் இருக்கும் அவர் வீட்டுக்கு யார் வந்தாலும் காட்டிவிடுவார். யாங்கூனிலிருந்து, பர்மாவிலேயே புத்தர் கோயில்களுக்குப் பேர்போன பகான் வரைக்கும் தானே கார் ஓட்டிப்போன பெருமை. "பகான்னு சொல்றீங்க, ஒரு கோயில் கோபுரத்தைக்கூடக் காணோமே?" என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார். காரணம் எனக்குத் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வெயில் காலத்தில் கிளம்பினோம். அத்தான், என் அக்கா, என் வீட்டுக்காரர், நான். அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கல். தண்ணீரைக் குறைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். டிக்கி நிறையத் தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. அவளோ உதட்டை மட்டும் நனைத்துவிட்டு மூடியைத் திருகிக்கொண்டே வந்தாள்.

"குடி அக்கா, முகமெல்லாம் வத்திப்போச்சு."

"வேண்டாம்டி. குடிச்சா அப்புறம் எங்க போறது?"

வழியில் மக்வே நகரத்தைத் தாண்டியதும் ஊர்கள் குறைந்துவிட்டன. பனை, முள், வெந்துபோன மண். பாலத்துக்கு அடியில் ஆறு என்று பேர்தான், கிடப்பது வெறும் மணல். மாட்டுவண்டியில் பீப்பாய் ஏற்றித் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். மறைவுக்கு ஒரு புதர் கிடையாது. ஆம்பிளைகளுக்கு அதனால் என்ன? வெற்றிலை மடித்துக் கொடுக்கும் கடையைக் கண்டால் கார் நிற்கும். இரண்டு பேரும் ரோட்டோரம் திரும்பி நின்று வேலையை முடித்துக்கொண்டு, சிரித்துப் பேசியபடி வருவார்கள். நான் பெட்ரோல் பங்கைக் காட்டினால், "அடுத்த ஊர்ல நிப்பாட்டுறேம்மா, பொழுது சாயறதுக்குள்ள பகான் போய்ச் சேரணும்" என்பார் அத்தான். அடுத்த ஊர் வந்தது, போனது. என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. அவரை அங்கேயே உண்டு இல்லை என்று ஆக்கியிருக்க வேண்டும்.

ஒரு மணலாற்றைப் படம் எடுக்க மட்டும் காரை நிறுத்தினார். அதற்கு நேரம் இருந்தது பாருங்கள்! காலை நீட்டலாம் என்று இறங்கிய அக்கா நாலு எட்டு வைத்தாள், கண் செருகி அப்படியே சரிந்தாள்.

நல்லவேளை, பக்கத்தில் ஒரு வீடு. வாசலுக்கு வெளியே சின்னக் கூரைக்குக் கீழே வழிப்போக்கர்களுக்காகத் தண்ணீர்ப் பானைகள் வைத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மாள் ஓடிவந்து அக்காவின் முகத்தில் தண்ணீர் தெளித்து, குவளையை நீட்டினார். அக்கா கண்ணைத் திறந்தாள். குவளையைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். அடிப்பாவி! மயங்கி விழுந்த பிறகும் அவளுக்கு அந்தப் பயம்தான்.

அந்த அம்மாளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தானை ஒரு பார்வை பார்த்தார். அக்காவைக் கைத்தாங்கலாகத் தூக்கி, வீட்டுக்குப் பின்னால் மூங்கில் தட்டி அடைத்த கக்கூசுக்கு அழைத்துப்போனார். திரும்பி வந்த அக்கா மடக் மடக்கென்று குடித்தாள். எங்கிருந்தோ வண்டி கட்டிக் கொண்டுவந்த தண்ணீர். முன்பின் தெரியாதவர்களுக்கென்று அதையும் எடுத்து வைத்திருந்தார்கள்.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அத்தான், அக்காவிடம்.

எனக்கு வந்ததே கோபம். "எத்தனை தடவை சொல்றது அத்தான்? வெத்தல போட நிப்பாட்டுறீங்க, படம் புடிக்க நிப்பாட்டுறீங்க. அவ செத்து விழுந்தாத்தான் அவளுக்காக நிப்பாட்டுவீங்களா?"

காரில் ஏறியதும் அக்கா ஒரு பாட்டிலைத் திறந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். கொஞ்ச தூரம் போனதும், "நிப்பாட்டுங்க" என்றாள். கண்ணுக்கெட்டிய வரை மொட்டைப் பொட்டல்.

"இங்கயா? அடுத்த ஊர்ல..."

"இங்கயே நிப்பாட்டுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் எதையும் இரண்டாம் முறை சொல்லி நான் கேட்டதில்லை. கார் நின்றது. என் பையிலிருந்து, இடுப்பில் சுற்றிக் கட்டும் தமெய்ன் துணி ஒன்றை எடுத்து விரித்துத் திரைபோலப் பிடித்துக்கொண்டேன். இரண்டு ஆம்பிளைகளையும் தள்ளிப்போய் முதுகு காட்டி நிற்கச் சொன்னேன். "திரும்பினீங்க, தெரியும் சேதி!"

அவர்களுக்கு எதிரே பொட்டலில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தானுக்கு வேறு என்ன வேலை? செல்போனை எடுத்துப் படம் பிடித்தார். அக்கா அவசரப்படவே இல்லை.