இடுப்புக்கூடையும் கடலும்

இன்று காலை கொங்கண் கடலில் பொய்ப்பூச்சி மாட்டிய ஃப்ளை தூண்டிலோடு நின்றேன்.

இந்தத் தூண்டிலில் கையால் இழுக்கும் நூல், அதாவது லைன், ரீலுக்குள் போகாமல் தளர்ந்து கீழே விழும். அலை அதைக் காலில் சுற்றிவிடும். அதனால் இடுப்பில் ஒரு கூடையைக் கட்டி அதற்குள் லைனைச் சேர்ப்பார்கள். என்னுடையது புனே வாகட்டில் நாங்கள் தங்கியிருக்கும் வீட்டின் காய்கறிக் கூடை.

“தொடைக்கு மேல இறங்காத புள்ள, கூடைக்குள்ள தண்ணி பூந்துரும்!” கரையிலிருந்து கத்தினாள் திவ்யா. கோவைக்காரி, அந்த வீட்டில் என்னோடு தங்கியிருக்கும் தோழி.

மீன்கள் இன்னும் தள்ளித் துள்ளின. இறங்கினேன்.

தூண்டில் பிடிக்கத் தொடங்கிய இந்த ஒரு வருடத்தில் முதல்முறையாக ஒரு மீன் கடித்தது. அது ஓட, லைனும் ஓடியது. பிறகு சட்டென்று நின்றது. கூடைக்குள் புகுந்த அலை லைனை வெளியே மிதக்கவிட்டு என் முழங்காலில் சுற்றியிருந்தது. மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது.

“எத்தன கிலோங்க மேடம்?”

“போயிருச்சுடி.”

அவள் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. அதுதான் வலித்தது.

புனே திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண், “மாசா மிளாலா கா?” என்றார். மீன் கிடைத்ததா என்று மராத்தியில் கேட்கிறார்.

“நாஹி,” இல்லை என்றேன்.

இனிக் கிடைக்கும் என்றும் தோன்றவில்லை. இதுவரை என் தூண்டிலில் சிக்கியது என் இடது கால் மட்டும்தான். அதற்கு என்ன குழம்பு வைக்கலாம், சொல்லுங்கள்.