நாலு தட்டு

வோபர்னில் சிவப்பு விளக்குக்குக் காரை நிறுத்தியிருந்தேன். மகள் ஒரு பாட்டைப் போட்டாள். கொரியாப் பாட்டு. பாடுகிறவர்கள் பழைய ஆட்கள், அவள் சின்னப் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே பாடுகிறார்களாம். அந்தக் காலத்து டிஸ்கோத் தாள அடி. ஆனால் அவசரமில்லாமல், ஆறுதலாகப் போகிறது.

பச்சை விழுந்தும் நான் காரை எடுக்கவில்லை.

"அப்பா, சேஞ்ச் பண்ணட்டா? யூ லுக் சிக்."

"இருக்கட்டும் பிள்ளை."

நல்ல பாட்டுத்தான். அந்த அடிதான் என்னைக் கொண்டுபோய் அந்த நாள் வெக்ஸ்போர்ட்டில் விட்டது.

அங்கே ஒரு பாட்டுக் கசெற் ஃபக்டரி. ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்து என் முதல் வேலை. சூடான பிளாஸ்டிக் மணம், கொண்டுபோன சோற்றிலும் ஏறிவிடும். பெட்டியைத் திற, பேப்பரை வை, கசெற்றை வை, மூடு. நாலே வேலை. அதற்கே என் கை பின்னிக்கொள்ளும். பெல்ட் ஓடும் லைனுக்குப் பொறுப்பான நவம் அண்ணை சிரிப்பார். "என்னடா, கசெற்றுக்குத் தாலி கட்டுறியோ? கெதியா விடு."

பக்கத்தில் ஒரு கொரியாக்காரி நின்றாள். அக்கா வயது. இங்கிலீஷ் இரண்டு பேருக்கும் ஒரே அளவு, அதாவது இல்லை. சுவரில் ரேடியோ பாடும். அவள் அந்த அடிக்குச் சப்பாத்துக் காலால் நிலத்தில் தட்டிக் காட்டினாள். ஒரு வேலைக்கு ஒரு தட்டு. கை ஓடத் தொடங்கியது. பிறகு பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கால் தட்டும். சனம் தள்ளி நிற்கும்.

மூன்றாம் மாதம் சோதனை. தேறினால் நிரந்தர வேலை. மனைவியை இங்கே கூப்பிட லோயர் வேலைக் கடிதம் கேட்டிருந்தார். அவள் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். பொலிஸ் வந்து தமிழ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற நாட்கள்.

அன்று ரேடியோவை நிற்பாட்டினார்கள். முதலாளி மணிக்கூட்டில் நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். நவம் அண்ணை சொன்னார். "ஒருத்தரும் உதவக் கூடாது. உதவினா அவையை வேலையாலை நிப்பாட்டி வீட்டை அனுப்புவினம். நீ கேட்டா நீயும் வீட்டை."

லைன் ஓடியது. கை பின்னியது. ஒரு பெட்டி விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. நான் கொரியாக்காரியைப் பார்த்தேன். ஒரே ஒரு தரம்.

டக், டக், டக், டக்.

கை ஓடியது. நேரம் முடிந்தது. முதலாளி அவளுடைய சப்பாத்தைப் பார்த்துவிட்டு நவம் அண்ணையிடம் ஏதோ சொன்னார்.

"உவளைத் தட்டச் சொல்லி நீ கேட்டனியோ? வடிவா யோசிச்சுச் சொல்லு."

"நான் கேக்கேல்லை அண்ணை. அவவாத் தட்டினவ."

தமிழில்தான் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏப்ரனைக் கழற்றி, மடித்து, லைனில் வைத்துவிட்டுப் போனாள்.

கடிதம் கிடைத்தது. மனைவி வந்தாள். பிள்ளை பிறந்தாள். கசெற் ஒழிந்தது. ஃபக்டரியை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். நவம் அண்ணையும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஓம், நான்தான் கண்ணால் கேட்டனான் என்று நான் போய்ச் சொல்ல, அங்கே இப்போது ஒரு ஆளும் இல்லை.